மில்லிமீட்டரில் அடங்காத முழங்கால்

சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவரின் முழங்காலுக்கு ஒரு வேலை. சில தெரு தள்ளி வெள்ளிப் பட்டறையில் உட்கார்ந்து கொலுசு வேலை செய்கிறவரின் முழங்காலுக்கு வேறு வேலை. முன்னவர் சுமையைத் தோளில் வாங்கிக்கொண்டு பலகையில் கால் வைத்து இறங்க வேண்டும். இறங்கிய வேகத்திலேயே மண்டிக்குள் உடம்பைத் திருப்ப வேண்டும். பின்னவர் சம்மணம் போட்ட காலை மணிக்கணக்கில் பிரிப்பதில்லை. இவர்களில் யாருக்கு முட்டி ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் நடந்தாலும், சில மாதம் கழித்து டாக்டரிடம் கேட்பது ஒன்றைத்தான்: “முட்டி இனிமே நிக்குமுங்களா?”

இதற்குப் பதில் சொல்ல மருத்துவத்திடம் அளவுகோல்களுக்குப் பஞ்சமில்லை. கையால் இழுத்துப் பார்ப்பது, கருவி பூட்டி இழுப்பது, எக்ஸ்ரேயில் அளப்பது, ஒற்றைக் காலில் தாவச் சொல்வது, கேள்வித்தாள் கொடுப்பது என்று ஐம்பது ஆண்டுகளில் பெருகியிருக்கின்றன. சிக்கல் என்னவென்றால் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன. வைத்த ஜவ்வு பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பது அறுவை மருத்துவரின் கேள்வி. வேலைக்குப் போனால் கால் மடங்கி விழுந்துவிடுவேனா என்பது நோயாளியின் கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் எடுத்து நீட்டுவதுதான் இந்தத் துறையின் பழைய பழக்கம்.

முழங்காலின் நடுவே இரண்டு ஜவ்வுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. முன்னால் இருப்பதை ஏ.சி.எல். என்பார்கள். சுமார் மூன்று சென்டிமீட்டர் நீளம். கணுக்கால் பக்கம் இறங்கும் கெண்டைக்கால் எலும்பு, தொடை எலும்புக்கு முன்னே நழுவாமல் தடுப்பது இதன் முதல் வேலை. அந்த எலும்பு உள்பக்கமாகத் திருகிக்கொள்ளாமல் பிடிப்பது இரண்டாவது வேலை. நம் பக்கத்தில் இது அறுந்துபோக இரண்டு வழிகள் பிரதானம். கபடியில் ரெய்டு போனவர் ஊன்றிய காலை மாற்றாமல் உடம்பை மட்டும் திருப்புவது. பைக் சறுக்கும்போது காலை ஊன்றுவது. உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம்.

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. உயிரும் எலும்பும் காப்பாற்றப்பட வேண்டிய நேரம் அது, முன்னுரிமை சரிதான். ஆனால் வீங்கி, தசை இறுகிக் கிடக்கும் முட்டியில் அந்த 48 மணி நேரத்துக்குள் ஜவ்வைச் சோதிப்பது கடினம். ‘எக்ஸ்ரேயில் எலும்பு முறியல’ என்று தெரிந்து வீட்டுக்குப் போனவர், வாரக்கணக்கு கழித்துப் பஸ் படியில் இறங்கும்போதுதான் முட்டி கழன்றுகொள்வதை உணர்வார்.

கிழிந்தவர்களுக்கெல்லாம் கத்தி தேவை என்பதும் இல்லை. ஸ்வீடனில் துடிப்பான இளைஞர்கள் 121 பேரை வைத்து நடந்த கேனான் ஆய்வு 2010இல் வெளியானது. முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன் என்று ஒதுக்கப்பட்ட 59 பேரில், இரண்டு ஆண்டு முடிவில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 23 பேர்தான். உடனே ஆபரேஷனுக்கு ஒதுக்கப்பட்ட மற்ற குழுவோடு ஒப்பிட்டால் அவர்கள் கொடுத்த மதிப்பெண்ணிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தக் கட்டுரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பற்றியது என்பதால் இதை இதோடு விட்டுவிடுகிறேன்.

ஆபரேஷனில் கிழிந்த ஜவ்வைத் தைப்பது வழக்கமில்லை. பின்தொடையிலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து, இரண்டு எலும்பிலும் துளையிட்டு, அதற்குள் செலுத்தி, திருகாணியோ பொத்தானோ போட்டு நிறுத்துகிறார்கள். வைத்த நாருக்கு முதலில் ரத்த ஓட்டம் கிடையாது. பழைய திசு கரைந்து, புதிய செல்களும் ரத்தக் குழாய்களும் உள்ளே வளர்ந்து, மெல்ல மெல்லத்தான் அது ஜவ்வாக மாறும். இந்த மாற்றத்தின் நடுவே, வலியெல்லாம் குறைந்து ஆள் தெம்பாக நடமாடும் முதல் சில மாதங்களில், நார் தன் பலத்தில் அடிமட்டத்தில் இருக்கும். ஆறாவது வாரம் கெட்டியாக இருந்த முட்டி ஓர் ஆண்டில் தளர்ந்துபோவதும் உண்டு. ஆகவே என்று அளந்தோம் என்பதைச் சொல்லாத அளவுக்கு மதிப்பே இல்லை.

அளக்கும் முறைகளில் மூத்தது கை. கிரேக்க மருத்துவர் நூலிஸ் 1875இலேயே இப்படி ஒரு சோதனையை எழுதிவைத்தார். இன்று உலகம் அதை லாக்மன் சோதனை என்கிறது. ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்மன் செய்துவந்ததை, ஜோசப் டார்க் 1976இல் கட்டுரையாக்கினார். நோயாளியைப் படுக்கவைத்து முட்டியை இருபது, முப்பது டிகிரி மட்டும் மடக்க வேண்டும். ஒரு கை தொடையை மேலிருந்து கவ்விப் பிடிக்கும். மறு கை கெண்டைக்காலின் மேற்பகுதியைப் பின்னாலிருந்து பற்றி முன்னால் இழுக்கும். எவ்வளவு தூரம் வந்தது என்பதோடு, எப்படி வந்து நின்றது என்பதையும் கை பார்க்கிறது. நல்ல ஜவ்வு, முளையில் கட்டிய கன்று கயிறு தீர்ந்ததும் சட்டென்று நிற்பதுபோல நிற்கும். அறுந்ததிலோ முடிவு மெத்தென்று இருக்கும், எங்கே நின்றது என்று சொல்ல முடியாது. இந்தச் சோதனை, கிழிந்தவரில் சுமார் 85 சதவீதம் பேரைப் பிடித்துவிடும். கிழியாதவரில் சுமார் 94 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும். காசு செலவில்லாத ஒரு சோதனைக்கு இது பெரிய மதிப்பு. ஸ்கேன் படத்தை மேஜையில் விரித்துக்கொண்டு காலைத் தொடாமலே பேசும் வழக்கத்தைப் பார்க்கும்போது, இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கையின் குறை, அது எண் தராது. ஒருவர் கைக்கு ஐந்து மில்லிமீட்டர் என்று படுவது இன்னொருவருக்கு மூன்றாகப் படலாம். அதற்காக 1980களில் கே.டி.-1000 என்ற கருவி வந்தது. சான் டியேகோவின் டேல் டேனியல், லாரி மால்கம் குழு அதை வைத்துச் செய்த அளவைகளை 1985இல் வெளியிட்டது. கெண்டைக்காலின் முன்பக்கம் பூட்டி, ஒரு பட்டை முட்டிச் சில்லின் மேலும் இன்னொன்று எலும்பு மேட்டின் மேலும் பதிய, கைப்பிடியை இழுத்தால் 15, 20, 30 பவுண்டு விசையில் ஒவ்வொரு முறையும் ஒரு ஒலி எழும். இரண்டு பட்டைகளுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று முகப்பில் பார்க்கலாம். முக்கியமானது அந்த எண்கூட இல்லை, இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம்தான். பிறவியிலேயே மூட்டுகள் தளர்ந்தவர் இருப்பார். அவருக்கு இரண்டு முட்டியும் எட்டு மில்லிமீட்டர் வந்தால் அதில் நோய் ஒன்றும் இல்லை. வித்தியாசம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும் என்பது பழகிப்போன கணக்கு. அமெரிக்க, ஐரோப்பிய முழங்கால் மருத்துவர்கள் 1987இல் சேர்ந்து உருவாக்கிய ஐ.கே.டி.சி. குழு இதையே தரவரிசையாக்கியது: 2 வரை இயல்பு, 3 முதல் 5 வரை ஏறக்குறைய இயல்பு, 6 முதல் 10 வரை குறை, அதற்கு மேல் கடும் குறை.

எண் வந்ததால் கை போய்விடவில்லை. கருவி ஓர் இழை திரும்பிப் பூட்டப்பட்டாலோ, நோயாளி பயந்து பின்தொடையை இறுக்கினாலோ எண் மாறிவிடும். வேறு வேறு ஆட்கள் அளந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி வருவது சகஜம். எல்லையே 3 மில்லிமீட்டர் என்றிருக்கும்போது இந்தப் பிசகு சின்னதில்லை. விசையை மோட்டார் கொடுக்கும் பிரெஞ்சுக் கருவி ஜி.என்.ஆர்.பி. இந்தக் குறையைக் குறைக்கப் பார்க்கிறது. டெலோஸ் சட்டத்தில் காலைப் பூட்டி, 15 கிலோ விசை கொடுத்து எக்ஸ்ரே எடுப்பது இன்னொரு வழி. எலும்பில் நுண்ணிய டான்டலம் மணிகளைப் பதித்துவிட்டு இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுக்கும் முறை, ஸ்வீடனின் கோரான் செல்விக் 1970களில் உருவாக்கியது, துல்லியத்தில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆராய்ச்சிக்கூடத்தைத் தாண்டி அது வந்ததில்லை.

இவ்வளவு துல்லியத்தையும் ஓரமாக வைத்துவிட்டு நோயாளியைக் கேட்டவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. 1997இல் லின் ஸ்னைடர்-மேக்லர் குழு, ஜவ்வு அறுந்தும் தடையில்லாமல் விளையாடியவர்களையும், நடக்கவே தடுமாறியவர்களையும் பக்கத்தில் வைத்து அளந்தது. நழுவல் மில்லிமீட்டரில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2004இல் மினிந்தர் கோச்சர் குழு, ஆபரேஷன் முடிந்து குறைந்தது இரண்டு ஆண்டு ஆன சுமார் 200 பேரைப் பார்த்தது. கருவி எண்ணும் லாக்மன் முடிவும் அவர்களின் திருப்தியோடு ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போனது வேறொரு சோதனை, பிவட் ஷிஃப்ட்.

இந்தச் சோதனையை 1972இல் கனடாவின் கால்வே, மாக்கின்டாஷ் குழு எழுதியது. முட்டியை நீட்டி, பாதத்தை உள்பக்கம் திருகி, வெளிப்பக்கத்திலிருந்து அழுத்தம் கொடுத்துக்கொண்டே மடக்க வேண்டும். ஜவ்வு இல்லாத முட்டியில், கெண்டைக்கால் எலும்பின் வெளிப்பக்கம் முதலில் முன்னே நழுவி நிற்கும். இருபது, முப்பது டிகிரி மடங்கும்போது பக்கத்திலுள்ள தசைப்பட்டை அதைப் பின்னே இழுத்துவிட, ‘டொக்’ என்று தன் இடத்துக்குப் போய் விழும். நோயாளியே “இதாங்க, இப்படித்தாங்க ஆவுது!” என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். அவர் படியில் இறங்கும்போது, மூட்டையோடு திரும்பும்போது நடக்கிற நழுவலை மேஜைமேல் திரும்பக் கொண்டுவருவது இது ஒன்றுதான்.

அப்படியிருந்தும் மருத்துவமனையில் இதற்கு இரண்டாம் இடம்தான், காரணமும் உண்டு. ‘டொக்’ கேட்டால் கிட்டத்தட்ட உறுதி, பொய் சொல்வது அரிது. ஆனால் விழித்திருக்கும் நோயாளி காலை இறுக்கிக்கொண்டால் கேட்காமலே போகும். ஒரு தொகுப்பாய்வு கிழிந்தவர்களில் கால்வாசிப் பேரிடம்தான் இது தெரிந்தது என்றது. மயக்க மருந்து கொடுத்தபின் செய்தால் நிலைமை தலைகீழ். தரம் பிரிப்பதோ 0, 1, 2, 3 என்று, அதுவும் செய்கிறவர் கைக்கேற்ப. இதற்கும் எண் கொடுக்க ஜப்பானின் கோபே குழு மின்காந்த உணரிகளை முயன்றது. இத்தாலியின் பொலோன்யா ரிசோலி நிலையம் முடுக்கமானியைக் காலில் கட்டியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழு, தோலில் ஒட்டிய மூன்று புள்ளிகளை ஐபேடில் படமெடுத்து நகர்வைக் கணக்கிட்டது. கடைசியில் சொன்னது நம் ஊரில் நாளைக்கே செய்யக்கூடியது.

திருகலை ஏன் இவ்வளவு பொருட்படுத்த வேண்டும்? ஆபரேஷன் முறையிலேயே ஒரு காரணம் இருக்கிறது. தொடை எலும்பில் துளை செங்குத்தாகப் போய்விட்டால் புதிய நார் முன்னே இழுப்பதை நன்றாகத் தடுக்கும், திருகலைத் தடுக்காது. லாக்மன் சுத்தம், கே.டி. எண் இரண்டு, ரிப்போர்ட்டில் ‘இயல்பு’. ஆளுக்கு மட்டும் கால் நம்பிக்கை தருவதில்லை. ஸ்காட் டாஷ்மன் குழு 2004இல், ஆபரேஷனுக்குப் பின் இறக்கத்தில் ஓடியவர்களின் முட்டியை இரண்டு எக்ஸ்ரே கேமராவால் நொடிக்கு 250 படம் வீதம் எடுத்தது. முன்பின் நகர்வு மறுகாலோடு ஒத்திருந்தது. திருகல் ஒத்திருக்கவில்லை, புது ஜவ்வு போட்ட முட்டி ஏறக்குறைய நான்கு டிகிரி வெளியே திரும்பியே ஓடியது. படுத்திருக்கும் காலை அளந்து ஓடும் காலைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை.

இந்தப் பாடத்தை அறுவை மருத்துவர்களும் எடுத்துக்கொண்டார்கள். 14 முதல் 25 வயது வரை 618 பேரை வைத்து நடந்த ஸ்டெபிலிட்டி ஆய்வு 2020இல் வெளியானது. ஒரு பாதிக்குப் பின்தொடை நார் மட்டும்; மறு பாதிக்கு அதோடு முட்டிக்கு வெளியே ஒரு கூடுதல் பட்டையும் இழுத்துக் கட்டப்பட்டது. திருகல் திரும்ப வந்தவர்களையும் நார் அறுந்தவர்களையும் சேர்த்துத் தோல்வி என்று கணக்கிட்டதில், 40 சதவீதம் 25 ஆகக் குறைந்தது. நார் அறுந்தது மட்டும் 11இலிருந்து 4 சதவீதத்துக்கு வந்தது. இந்த ஆய்வு பிவட் ஷிஃப்ட்டைத் தன் முதன்மை அளவையில் சேர்க்காமல் கே.டி. எண்ணை மட்டும் நம்பியிருந்தால், அந்தப் பெரிய வித்தியாசத்தில் பாதி கண்ணுக்குத் தெரியாமலே போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜவ்வு ஒருபுறம் இருக்க, முட்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு தசைக்கு. முன்தொடைத் தசை ஆபரேஷனுக்குப் பின் சூம்பிவிடும், ஓர் ஆண்டு கழித்தும் முழுதாகத் திரும்பாதவர் பலர். அதைக் கணினி பூட்டிய நாற்காலியில் அளக்கலாம், விலை லட்சங்களில். கையில் பிடிக்கும் சின்ன விசைமானியைப் பட்டையால் கட்டியும் ஓரளவு அளக்கலாம். ஒற்றைக் காலில் தாவும் சோதனைகளை ஃபிராங்க் நாய்ஸ் குழு 1991இல் முறைப்படுத்தியது: ஒரு தாவல், மூன்று தாவல், கோட்டைக் குறுக்கே கடந்து தாவல், ஆறு மீட்டரை ஓட்டத் தாவலில் கடக்கும் நேரம். ஆபரேஷன் செய்த கால் நல்ல காலில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும் என்பது இன்றைய வழக்கம்.

அந்த ‘நல்ல கால்’ எவ்வளவு நல்லது? ஆறு மாதம் அதுவும் ஓய்வில் இருந்து இளைத்த கால்தானே. எலிசபெத் வெல்சன்ட் குழு 2017இல் இதைக் கையும் களவுமாகப் பிடித்தது. ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆன 70 பேரில் 40 பேர் மறுகாலோடு ஒப்பிட்டால் 90 சதவீதம் தாண்டினார்கள். ஆபரேஷனுக்கு முன் மறுகாலில் எடுத்திருந்த அளவோடு ஒப்பிட்டபோது தாண்டியவர்கள் 20 பேர்தான். இதிலிருந்து ஒரு நடைமுறை யோசனை கிடைக்கிறது: அறுவைக்கு முந்தின வாரமே நல்ல காலை அளந்து சீட்டில் எழுதி வைத்துவிட வேண்டும். பத்து நிமிட வேலை. செய்கிறவர்கள் குறைவு.

காலம் என்ற அளவுகோலும் இருக்கிறது. நார்வே, அமெரிக்காவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 106 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட டெலவேர்-ஆஸ்லோ ஆய்வில், ஒன்பதாம் மாதம்வரை விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் பாதியாகக் குறைந்தது. தசைப் பலம், தாவல், கேள்வித்தாள் எல்லாவற்றிலும் தேறி விளையாடப் போனவர்களில் மறுகாயம் 5.6 சதவீதம், தேறாமல் போனவர்களில் 38 சதவீதம். இந்தத் தேர்வில் கே.டி. எண் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

செய்தித்தாள் வாசிப்பவருக்கு இது ரிஷப் பந்த்தின் கதை. 2022 டிசம்பர் 30 விபத்துக்குப் பின், 2023 ஜனவரியில் மும்பையில் வலது முட்டி ஜவ்வு அறுவை. ஆட்டத்துக்குத் திரும்பியது 2024 மார்ச்சில். விக்கெட் கீப்பர் குத்துக்காலில் உட்கார்ந்து எழும் வேலை வேறு யாருக்கும் இல்லாதது. மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 2023 ஆகஸ்டில் ஏ.சி.எல். அறுவை முடித்து, ஓர் ஆண்டு நிறையும் முன்பே பாரிஸ் ஒலிம்பிக்கில் யுய் சுசாகியை வீழ்த்தினார். இவர்களுக்குப் பின்னால் தினமும் அளந்து பயிற்சி தரும் ஒரு படையே இருந்தது. சின்னப்பம்பட்டி மைதானத்தில் பந்து வீசும் பையனுக்கோ, ஊர் கபடிக் குழுவின் ரெய்டருக்கோ அது கிடையாது. பொங்கல் போட்டி வருகிறது என்பதே அவனுக்கு அளவுகோல்.

கடைசியாகக் கேள்வித்தாள்கள். எனக்கு மிகுந்த மனக்குறை இருப்பது இவற்றின்மேல்தான். ஸ்வீடனில் 1982இல் பிறந்து 1985இல் திருத்தப்பட்ட லைஸ்ஹோல்ம் மதிப்பெண் நூற்றுக்கு. அதில் முட்டி நிலையாமைக்கு 25, வலிக்கு 25, பூட்டிக்கொள்வதற்கு 15, வீக்கத்துக்கு 10, படிக்கட்டுக்கு 10. குத்துக்காலில் உட்காருவதற்கு 5. அதாவது ஒருவரால் குத்துக்காலிட்டு உட்காரவே முடியாது என்றாலும், மற்றதெல்லாம் சரியென்றால் அவருக்கு 95. 95 என்பது ‘மிகச் சிறப்பு’. நாற்காலியில் உட்கார்ந்து, மேலைநாட்டுக் கழிவறையைப் பயன்படுத்துகிற ஸ்வீடன்காரருக்கு இது பொருந்தும். பட்டறையில் தரையில் உட்கார்ந்து பிழைக்கிறவருக்கு இது எப்படிப் பொருந்தும்? பின்னால் வந்த கூஸ், ஐ.கே.டி.சி. கேள்வித்தாள்களில் மண்டியிடுதல், குத்துக்கால் எல்லாம் உண்டு, சம்மணம் இல்லை. சம்மணத்தில் முட்டி முழுக்க மடங்குவதோடு திருகவும் செய்கிறது. பின்தொடை நாரை எடுத்துப் புது ஜவ்வாக்கினால் ஆழமாக மடக்கும் பலமும் குறைகிறது. எந்த நாரை எடுப்பது என்ற முடிவிலேயே நோயாளி எப்படி உட்கார்ந்து பிழைக்கிறார் என்பது ஒரு கேள்வியாக வர வேண்டும். மூட்டுத் தேய்மானத்துக்கான வோமாக் கேள்வித்தாளைப் புனேயின் வாதநோய் மையம் இந்தியத் தரை வாழ்க்கைக்கு மாற்றி அமைத்தது. ஜவ்வு ஆபரேஷனுக்கும் அதே வேலை நடக்க வேண்டும்.

மனமும் அளக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் கேட் வெப்ஸ்டர் குழு 2008இல் தந்த 12 கேள்விகள், திரும்பக் காயம்படுமோ என்ற அச்சத்தையும் முட்டிமேலுள்ள நம்பிக்கையையும் எண்ணாக்குகின்றன. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பழைய அளவு விளையாட்டுக்குத் திரும்புவோர் மூன்றில் இரண்டு பங்குதான் என்கிறது 2014இன் பெரிய தொகுப்பாய்வு. உடம்பு தேறியும் மனம் தேறாமல் நின்றுவிட்டவர்களும் மீதிப் பேரில் இருக்கிறார்கள்.

சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அளவில் என்ன செய்யலாம்? விலையுயர்ந்த இழுப்புக் கருவி வாங்குவது என் பட்டியலில் கடைசி. லாக்மன் சோதனையையும் பிவட் ஷிஃப்ட்டையும் ஒரே கை, ஒவ்வொரு முறையும், தேதி போட்டு எழுதட்டும். முட்டியில் ஸ்டிக்கர் ஒட்டிக் கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுக்கட்டும். தாவலுக்குத் தரையில் ஒரு டேப் போதும். மருத்துவமனையின் முக்காலியில் ஒற்றைக் காலில் எத்தனை தடவை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணலாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபியும் சேர்ந்திருக்கிறது. அந்த பிசியோவின் பையில் டேப்பும் ஒரு அட்டையும் இருந்தால் மூன்று, ஆறு, ஒன்பதாம் மாத அளவுகளை வீட்டு வாசலிலேயே எடுத்துவிடலாம். அட்டையில் அறுவைக்கு முந்தைய நல்ல காலின் தாவல் தூரம் முதல் வரியாகவும், நோயாளியின் தொழில் இரண்டாவது வரியாகவும் இருக்க வேண்டும். மூட்டை தூக்குகிறவருக்குச் சுமையோடு படி இறங்கித் திரும்பச் சொல்வதும், பட்டறைக்காரருக்குச் சம்மணமிட்டு அரை மணி இருந்து கை ஊன்றாமல் எழச் சொல்வதும் அதே அட்டையில் சோதனைகளாக ஏற வேண்டும்.